வாழைத்தார் தொங்கிய அறையில் ஆர்க்கிட் பூக்கள்

எங்கள் வீட்டு ஆர்க்கிட் பூக்கள் வாடி விழுந்ததே இல்லை. நல்ல நிறத்தோடு, தொட்டால் மெழுகுபோல் விறைப்பாக இருக்கும்போதே விழுந்தன. காலையில் முன்னறைக்கு வந்தால் சிமெண்ட் தரையில் இரண்டு கிடக்கும். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கீறல் இருக்காது, பூச்சி கடித்த தடம் இருக்காது. வாடி விழுந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். இப்படிப் புதுசாக விழுவதை என்னை அவமதிப்பதற்காகவே செடி செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயது, மூக்குக்கு மேல் கோபம்.

எழுபதுகளின் பிற்பாதி அது. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். சோதனைக் குழாய் கழுவுகிற வேலைதான், ஆனால் என்னையும் ஒரு விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்த வெளிநாட்டு ஆசிரியர் தம்பதி ஊர் திரும்பும்போது மேசை, நாற்காலிகளை மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். யாரும் கேட்காத மூன்று ஆர்க்கிட் தொட்டிகள் எனக்கு வந்தன. அந்த அம்மாவின் வீட்டில் ஒரு பூங்கொத்து ஒன்றரை மாதம் நிற்கும். என் வீட்டில் நான்கு நாள் நின்றால் அதிகம். செடி அதேதான், தண்ணீர் அதேதான், மலையும் அதேதான். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

என் வீட்டில் அதே சமயம் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் பூவைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் மனைவி வடகவுஞ்சிப் பக்கத்துக்காரி. எங்கள் பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியையாக வந்தாள். அவள் அப்பாவுக்கு அங்கே மலைச்சரிவில் வாழைத்தோட்டம். தன் தோட்டத்து மலைப்பழம் பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. தாயில்லாத ஒரே மகள் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றதும் அவர் ஏசவில்லை, தடுக்கவும் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டார். சர்ச்சில் பெண் வீட்டார் உட்காரும் பக்கத்தில் எங்கள் பள்ளிச் சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும் உட்கார்ந்து இடத்தை நிரப்பினார்கள். அவள் தலைநிமிர்த்தி ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டதை நான் கவனித்தேன்.

கல்யாணமான இரண்டாம் மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசல் படியில் ஒரு வாழைத்தார் சாய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் ஜீப் டிரைவர் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார். கடிதம் இல்லை, சொல்லிவிட்ட சேதியும் இல்லை. பச்சையாக, முற்றிய, அழகான தார். அவள் அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து சர்ச்சுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்குங்க என்றாள்.

அன்றிலிருந்து மாதம் ஒரு தார். நான்கு வருஷம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, எங்களையும் வரச் சொல்லவில்லை. தார் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சு அதுதான்.

அவள் வீட்டு வழக்கப்படி தோட்டத்துத் தார் முன்னறையில்தான் தொங்கவேண்டும். வருகிறவர் கையில் இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்த பிறகுதான் காப்பி. கொடைக்கானல் குளிரில் காய் பழுக்க நாளாகும் என்பதால் அவள் அதற்குச் சாக்கு போர்த்தி, ஜன்னலையும் சாத்திவைப்பாள். யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்து, எங்கே வாங்கினது என்று கேட்பார்கள். அவள் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பாள்.

"எங்கப்பா அனுப்புனது" என்பாள்.

அதைச் சொல்லும்போது அவள் குரலில் வரும் மிடுக்கைக் கேட்க எனக்கே பிடிக்கும். எங்கள் வீட்டில் வெயில் விழுகிற அறை அது ஒன்றுதான். அதனால் நாங்கள் உயர்வாக நினைத்த எல்லாம் அங்கேதான் இருந்தன: ரேடியோ, கல்யாண போட்டோ, உத்தரத்தில் தார். பனிக்காலத்தில் வெளியே வைத்தால் கருகிவிடும் என்று, தாருக்கு நேர் கீழே என் ஆர்க்கிட் தொட்டிகள்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். விஞ்ஞானிக்கு நான்கு வருஷம் ஆனது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அடிக்கடி ஊற்றினேன், வேர் அழுகியது. நிறுத்தினேன், மொட்டு சுருங்கியது. அடுத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகை. ஸ்டவ்வைப் பின்கட்டுக்கு மாற்றி, மனைவியைக் குளிரில் நின்று சமைக்க வைத்தேன். அதில் பூ ஒரு நாள் கூடுதலாக நின்றிருந்தால் அதிகம். அவளுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். அடுத்துப் பக்கத்து வீட்டு அம்மாவின் கண். அவர் ஒவ்வொரு முறையும் "எம்புட்டு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார், மறுநாள் விழும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், தொட்டிக்குப் படிகாரம் கட்டினேன். சர்ச் பாதிரியார் ஐயர் வீட்டுக்கு வந்தபோது அதை அவசரமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் நான்தான்.

ஒருநாள் ஜன்னல் வழியாகத் தேனீ ஒன்று வந்து பூவுக்குள் புகுந்து, நடுவில் இருந்த சின்னத் தொப்பியைத் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்தேன். அதன் முதுகில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மறுநாளே அந்தப் பூவின் உதடு, அதாவது நடு இதழ், சிவந்து, இரண்டு நாளில் தொங்கிவிட்டது. மகரந்தம் போன பிறகு பூவுக்கு வேலை முடிந்துவிடுகிறது, கடையைக் கட்டிவிடுகிறது என்று புரிந்தது. எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மதுரை அத்தை ஒரு கொசுவலை கொடுத்திருந்தார். கொடைக்கானலில் கொசுவுக்கு எங்கே போவது? நான்கு வருஷம் பெட்டியில் கிடந்த அந்த வலையை எடுத்து ஆர்க்கிட்டுக்குக் கட்டினேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், குழந்தை தூங்குதா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தேனீ நின்றது. பூ விழுவது நிற்கவில்லை.

அந்த ஐப்பசியில் அடைமழை. வடகவுஞ்சிப் பக்கம் பாதை சரிந்து, ஜீப் வரவில்லை. தார் வரவேண்டிய ஞாயிறு வெறுமனே போனது, அடுத்த ஞாயிறும் போனது. பாதை சரியான பிறகும் ஏனோ தார் வரவில்லை. அதே சமயம் ஒரு தொட்டி பூத்தது, பதினொரு பூ. மூன்று நாள் கழிந்தது, ஒரு வாரம் கழிந்தது, ஒன்றுகூட விழவில்லை. ஒரு மாதம் ஆனது. நான் தினமும் எண்ணிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். வேலையிலிருந்து வந்ததும் எண்ணினேன். எந்த வைத்தியம் பலித்தது என்று தெரியாததால், வலை, படிகாரம், பின்கட்டு ஸ்டவ் எதையும் மாற்றாமல் வைத்துக்கொண்டேன்.

எனக்குத் திருவிழா. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாலை அந்தப் பதினொரு பூவையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், "அப்பா மறந்துட்டாருங்க" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான், பூ இன்னும் நிற்குது பார் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான ஆறுதல்களில் அதற்குத்தான் முதலிடம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு தார் வந்தது, எப்போதையும்விடப் பெரியதாக. காற்றில் பாதித் தோப்பு சாய்ந்துபோனதாம். அனுப்புவதற்குத் தகுதியாய்த் தார் இல்லாததால்தான் அனுப்பவில்லையாம். இது ஜீப் டிரைவர் சொன்னது. அவள் வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள். தாரில் முதல் சீப்பு மஞ்சளாகத் தொடங்கியதும், ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நின்ற பூக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் விழுந்து முடிய மூன்று நாள் ஆகவில்லை. நான் தரையைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் லேபில் இரண்டு கண்ணாடி ஜாடி எடுத்தேன். இன்னொரு தொட்டியில் அப்போதுதான் விரிந்த இரண்டு பூவை வெட்டி, ஜாடிக்கு ஒன்றாக, துளித் தண்ணீரோடு வைத்தேன். ஒன்றில் மாமனார் வீட்டுப் பழம் ஒன்றையும் போட்டேன். மூடிவைத்தேன். மூன்றாம் நாள் பழம் இருந்த ஜாடிப் பூவின் உதடு சிவந்திருந்தது, ஜாடியைச் சற்று அசைத்ததும் இதழ் உதிர்ந்தது. மற்றது பத்து நாள் அப்படியே இருந்தது. பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வருகிறது, பக்கத்துக் காயைப் பழுக்கவைப்பதும் அதுதான் என்று கெமிஸ்ட்ரி மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். காயைப் பழமாக்குகிற காற்று பூவை முதுமையடைய வைக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

அதன் பிறகு என்னைப் பிடிக்கமுடியவில்லை. கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவரையும் நிறுத்திச் சொன்னேன். சர்ச்சில் பீடம் அலங்கரிக்கும் பெண்களிடம், காணிக்கைப் பழக்கூடையைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று பிரசங்கம் செய்தேன். தண்டைச் சாய்வாக வெட்டவேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை நுனியை மறுபடி வெட்டித் தண்ணீரை மாற்றவேண்டும், இரவில் குளிர்ந்த அறையில் வைக்கவேண்டும், அடுப்புப் புகையும் ஊதுபத்தியும் ஆகாது, எல்லாவற்றுக்கும் மேல் பழம் ஆகவே ஆகாது. என்னைத் தூரத்தில் பார்த்தால் சிலர் வேறு பாதையில் திரும்பிப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் மட்டும் என் விஞ்ஞானம் செல்லவில்லை. தாரை விறகுக் கொட்டகையில் தொங்கவிடலாமே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். கொட்டகையில் தொங்கினால் யார் பார்ப்பார்கள், யார் கேட்பார்கள்? சரி என்று நானே தொட்டிகளைத் தூக்கிப் பின்பக்கத் தாழ்வாரத்தில், கொசுவலைக்குள் வைத்தேன். பனி கடுமையாக இருந்த இரவுகளில் சாக்கு போர்த்தினேன். தை, மாசி இரண்டு மாதமும் நிம்மதியாகப் போயின.

அந்த வருஷம் ஈஸ்டருக்குப் பீடத்துக்கு என் வீட்டு ஆர்க்கிட் என்று ஐயரிடம் வாய்விட்டிருந்தேன். பெரிய தொட்டியில் இரண்டு தண்டு, இருபது பூவுக்குக் குறையாது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆலங்கட்டி மழை கொட்டியது. தாழ்வாரத்துத் தகரம் பொத்தலாகிவிடும் போல இருந்தது. தொட்டியை வாரியெடுத்து முன்னறைக்குக் கொண்டுபோனேன். மறுநாள் தார் வந்தது. இரண்டு சீப்பு ஏற்கெனவே பழுத்திருந்த தார். நான் பள்ளியில் பொத்தலான கூரைக்குத் தகரம் ஒட்டுகிற வேலையில் மாட்டிக்கொண்டு, மூன்று நாள் வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வந்துபோனேன். புதன்கிழமை சாயங்காலம் விளக்கைப் போட்டால் தரையெல்லாம் பூ.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு இன்றும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"உங்கப்பாவுக்கு என்மேல இருக்குற கோவத்த என் பூமேல காட்டுறாரு. அதுக்குத்தான் மாசாமாசம் தாரு."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கயிற்றை அறுத்துத் தாரை இறக்கினாள். சீப்பு சீப்பாக வெட்டித் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். ஈஸ்டர் ஞாயிறு, பீடத்தில் கடையில் வாங்கிய சாமந்தியைப் பார்த்தபடி நான் பாட்டுப் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தபோது, அவள் பாதியில் எழுந்து வெளியே போனாள். சந்தை வாசலில் ஜீப்பைத் தேடிப் பிடித்து, இனிமேல் தார் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானமே நான் மன்னிப்புக் கேட்டேன். மனசார வெட்கப்பட்டேன். நான்கு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த ஒரே வார்த்தையை நான் வெட்டிவிட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "சொல்லியாச்சுங்க, விடுங்க" என்று மட்டும் சொல்லி, சோறு போட்டாள். அடுத்த ஞாயிறு நான் வெள்ளனே சந்தைக்குப் போய் டிரைவருக்காகக் காத்திருந்தேன். ஜீப் வரவில்லை, எஞ்சின் வேலைக்குப் பழனியில் நிற்கிறது என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேசாத மாமனாருக்கு எழுதும் முதல் கடிதத்தை, ஆர்க்கிட் பூவைப் பற்றிய விளக்கத்தோடு எப்படி ஆரம்பிப்பது? இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

அந்த நாட்களில் கடைசித் தொட்டியும் பூத்தது. ஒரே தண்டு, ஒன்பது பூ. முன்னறை காலியாகத்தானே கிடக்கிறது என்று அவளே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் வைத்தாள். உத்தரத்தில் வெறும் கயிற்று நுனி தொங்கியது. பூக்கள் பிரமாதமாக நின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல் தட்டியது. தோளில் தாரோடு ஒரு பெரியவர் நின்றார். வேட்டி முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியது. கல்யாண போட்டோவில் இல்லாத அந்த முகத்தை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"தாரு வேணாம்னியாம்ல. ஒடம்புக்கு ஏதும் ஆகிப்போச்சாத்தா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் தாரை இறக்காமலே நின்றார்.

"இல்ல, எங்க தோட்டத்துப் பழம் ஒங்களுக்கு ஆகாமப் போச்சா? அப்படின்னா அதையும் சொல்லிரு. தெரிஞ்சுக்கிட்டுப் போயிருறேன்."

நான் ஓடிப்போய்த் தாரைத் தாங்கிப் பிடித்தேன். சொல்லிவிட்டதற்குக் காரணம் நான்தான், பழத்தில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் ஒரு சின்னச் சண்டை, அதில் கோபத்தில் வந்த வார்த்தை என்றேன். அவர் முதல் முறையாக என் பக்கம் திரும்பி, உண்மைதானா என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் அவள் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உத்தரத்தில் கயிற்று நுனியைக் கண்டார். யாரையும் கேட்காமல் முக்காலியில் ஏறி, தாரைத் தன் கையாலேயே கட்டித் தொங்கவிட்டார். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் இருந்த தொட்டிக்கும் அதற்கும் இரண்டு முழம்கூட இருக்காது. மேல் சீப்பு மஞ்சளாகியிருந்தது.

என் மனைவி தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எடுத்துட்டுப் போயிருங்க என்று கண்ணாலேயே சொன்னாள். எனக்கு அது தெரியாதா? தூக்கினால் அவர் எதற்கு என்று கேட்பார். கேட்டால் சொல்லவேண்டும். உங்கள் பழம்தான் காரணம் என்று அந்த மனுஷனிடம், அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்று நாள் தங்கினார். முதல் நாள் எங்களுக்குள் பேச்சு ஓடவில்லை. இரண்டாம் நாள் பள்ளித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். பேரிக்காய் மரத்துக்கு உரம் வைத்திருப்பது தப்பு என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்கியதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வது? ராத்திரி அப்பாவும் மகளும் சமையலறையில் பேசுவது முன்னறை வரை கேட்டது. நான்கு வருஷத்துப் பேச்சு, முடிகிற மாதிரி இல்லை.

மூன்றாம் நாள் காலை பூ விழத் தொடங்கியது. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே ஒன்று அவர் காலடியில் விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. அவர் குனிந்து ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, என்னைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க மாப்ளே, பூவு நல்லாத்தான கெடக்கு. வாடக்கூட இல்ல. எதுக்கு இப்படி விழுகுது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான்கு வருஷம் தேடிக் கண்டுபிடித்த பதில். ஐயருக்குச் சொன்னேன், பீடத்துப் பெண்களுக்குச் சொன்னேன், சந்தையில் பழக்காரரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன்.

"தெரியலீங்க மாமா" என்றேன்.